கெடு யாருக்கு?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றொரு பழமொழி நம் நாட்டிலே உலவுகிறது. பொல்லாத பழமொழி என்று நான் சொல்லமாட்டேன். வந்தவன் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டால் அரிசிப்பானை காலியாகும், அகம் புழுங்கும், அன்பும் கசக்கும். அறிந்தவர்கள் சொல்லிவைத்த சொல் அது. ஆனால் அந்தப் பழமொழியை எடுத்துக்கொண்டு, வீடிழந்து வந்து நிற்கும் குடும்பத்தின் முன்னால் சென்று, "நாளாயிற்று, மூட்டையைக் கட்டு" என்று ஒருவர் முழங்குவாரானால், அவரை நோக்கி நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: அய்யா, விருந்தாளி என்பவன் யார்?

திரும்பிச் செல்ல ஒரு வீடு உடையவன் விருந்தாளி! உண்டு, உறங்கி, ஊர்க்கதை பேசி, நான்காம் நாள் காலையில் செருப்பைத் தேடுகிறானே, அவன் விருந்தாளி. மலை சரிந்து மண் மூடிய வீட்டுக்காரன் செருப்பைத் தேடி என்ன பயன்? எந்தத் திசையில் நடப்பான்? சுவர் பிளந்து கூரை தொங்கும் வீட்டுக்காரி விடைபெற்றுக்கொண்டு எந்த வாசலில் போய்க் கோலம் போடுவாள்? போக இடமில்லாதவனை விருந்தாளி என்று அழைப்பது ஏமாற்று. அந்தப் பெயரை அவன் தலையில் சூட்டிவிட்டால் மூன்று நாள் கணக்கை அவன்மீது ஏவிவிடலாம் என்பதற்காகவே சூட்டப்படும் பெயர் அது!

இதனை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சந்தவாசலை எண்ணி எழுதுகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சந்தவாசல். பெயரிலேயே வாசலைத் தாங்கி நிற்கும் ஊர். மலைமேல் சாமை விதைத்து, புளியுலுக்கி, தேனெடுத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, கீழ்நாட்டின் வாசல்களில் அதுவும் ஒன்று. அருகே படவேடு. அங்கே ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதத்தில் அலையலையாய்க் கூட்டம். மலைமேல் ஜமுனாமரத்தூருக்கும், காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கும், பீமன் அருவிக்கும் போகிற வெளியூரார் தொகையும் ஆண்டுதோறும் பெருகுகிறது. வருவோர் பெருகினால் தங்க இடம் வேண்டும். மாடியில் இரண்டு அறை, தோட்டத்து ஓரத்தில் மூன்று அறை என்று கடன் வாங்கிக் கட்டி, இரவுக்குப் படுக்கையும் காலைக்கு இட்டலியும் கொடுத்துப் பிழைக்கும் சிறு விடுதிகள் மலையடிவாரங்களில் முளைக்கின்றன. முளைக்கட்டும், தழைக்கட்டும். உழைத்துப் பிழைப்பவன்மீது நமக்கு என்ன கோபம்?

ஆனால் மலையடிவாரத்துக்கு இன்னொரு பருவமும் உண்டு. அது ஆடிப் பருவமல்ல, அடைமழைப் பருவம்! அந்தப் பருவத்தில் மலையிலிருந்து இறங்கி வருவது உல்லாசப் பயணி அல்ல. பாயும் பானையும் குழந்தையும் சுமந்து வருகிற உள்ளூர்க் குடும்பம். அன்றைக்கு அந்த அறைகளின் சாவி யார் கையில்? எத்தனை நாளைக்கு? எவர் செலவில்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இருக்கிறதா? "வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்கிறார்கள். வந்தபோது பார்த்த ஊர்களின் கதையை இப்போது சொல்கிறேன்.

தொலைவு வேண்டாம், அதே மாவட்டத்தின் தலைநகரைப் பாருங்கள். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள். திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரின்மீது மலை சரிந்தது. ஏழு உயிர்கள் மண்ணுக்குள் போயின. அந்த ஏழில் ஐந்து குழந்தைகள்! மலைச்சரிவில் வீடு கட்டி வாழும் மக்களை அங்கிருந்து அகற்றவேண்டும் என்ற பேச்சு அதன்பின் ஓங்கி ஒலித்தது. அகற்றி எங்கே வைப்பது என்ற பேச்சு அவ்வளவு ஓங்கி ஒலிக்கவில்லை.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மலை சரிந்தது டிசம்பர் 1. தீபத் திருவிழா டிசம்பர் 13. இடையே பன்னிரண்டே நாள். அந்தத் திருவிழாவுக்கு அந்த ஊரின் விடுதி அறைகள் எப்படி நிரம்பும், என்ன விலைக்கு விற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வீடிழந்த ஒரு குடும்பம் டிசம்பர் 2ஆம் நாள் ஒரு சிறு விடுதியில் அறை பெற்றிருந்தால், 12ஆம் நாள் இரவு அது அங்கே உறங்கியிருக்குமா? விடுதிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், கருணைக் கடலாகவே இருக்கட்டும். ஆண்டு முழுவதும் காத்திருந்து ஈட்டுகிற வருவாயை, எந்த ஒப்பந்தமும் இல்லாமல், எந்த ஈடும் இல்லாமல், அவர் ஒருவரே இழக்கவேண்டும் என்று எந்த நீதி சொல்லும்? ஆக, நல்லவரை நம்பி நிற்கும் ஏற்பாடு ஏற்பாடே அல்ல. அது நல்லவரையும் கெட்டவராக்கும், ஏழையையும் தெருவில் நிறுத்தும்.

"இப்படியெல்லாம் நடக்குமா? கற்பனை!" என்பார்கள். நாடகம் எழுதுபவன் நான். கற்பனை எது, நடப்பு எது என்று எனக்குத் தெரியும். இது நடந்தது தோழர்களே, இந்தியாவிலேயே நடந்தது.

உத்தரகண்ட் மாநிலத்தில் சமோலி மாவட்டம். அங்கே ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் ஜோஷிமட் என்றொரு மலைநகரம். பத்ரிநாத் கோயிலுக்குப் போகும் வழியிலே அமைந்த ஊர். பழைய மலைச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணின்மீது நிற்கிற நகரம் இது, இங்கே கனத்த கட்டடம் கூடாது என்று 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு அரசுக்கு எழுதிக் கொடுத்தது. எழுதியதைப் படித்தார்களோ இல்லையோ, எழும்பியது கட்டடம். அருகே 520 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கமும் குடைந்தார்கள். சுரங்கமே காரணம் என்றனர் மக்கள், இல்லை என்றது நிறுவனம். வழக்கு எப்படியும் போகட்டும். 2023 சனவரியில் நிலம் இறங்கியது. 868 கட்டடங்களில் விரிசல். அவற்றுள் 181 ஆபத்துப் பகுதியில் நின்றன. முந்நூறுக்குக் கிட்டத்தட்டக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின.

எங்கே போயின? அதே ஊரின் விடுதிகளுக்கு! பயணிகளுக்காகக் கட்டிய அறைகளில், அதே ஊரின் குடும்பங்கள். ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 950 ரூபாய் வரை, உணவுக்கு ஆளொன்றுக்கு 450 ரூபாய் வரை என்று அரசு விகிதம் வகுத்தது. தனியே வாடகை வீடு தேடிக்கொள்ளும் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய். பாராட்டத்தான் வேண்டும். பனிக்காலத்தில், வெட்டவெளியில் கூடாரம் அடிக்காமல், சுவரும் கூரையும் உள்ள அறையைக் கொடுத்தார்களே, அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மேலே கேளுங்கள். பனி உருகியது, யாத்திரைப் பருவம் நெருங்கியது. மார்ச் 31க்குள் அறைகளைக் காலி செய்யவேண்டும் என்றொரு கெடு! கூக்குரல் எழவே ஏப்ரல் 30 வரை நீட்டினார்கள். பத்ரிநாத் கோயிலின் கதவு அவ்வாண்டு திறந்தது ஏப்ரல் 27. இறைவனைக் காண வருவோருக்குக் கதவு திறக்கும் வாரத்திலே, இல்லம் இழந்தோருக்குக் கதவை மூட நாள் குறித்தார்கள்! பக்தர்மீது நமக்குப் பகை இல்லை. அவர்களுக்கு அறை வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வீடு கிடைத்ததா, வேறு இடம் ஆயத்தமா என்று பார்த்து வைத்த நாளா அது? இல்லை! வரப்போகிறவனின் வசதியைப் பார்த்து வைத்த நாள். அதன்பின் விரிசல் விட்ட தம் வீட்டுக்கே திரும்பிப்போய்ப் படுத்த குடும்பங்களும் உண்டு. சுவரில் கைநுழையும் பிளவு, வானில் கருமேகம், நடுவே உறங்கும் குழந்தை. இதற்குப் பெயர் மறுவாழ்வாம்!

ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். இது என் கற்பனைதான், மேடை மட்டும் எந்த மலையூரும் ஆகலாம்.

அதிகாரி: எழுபது நாள் தங்கிவிட்டாயே, இன்னும் போதவில்லையா?

குடும்பத் தலைவன்: எழுபது நாளும் எண்ணியவன் நான்தான் அய்யா. போகச் சொன்னால் இப்போதே போகிறேன். எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.

அதிகாரி: அது என் துறை அல்ல.

விடுதிக்காரர்: அய்யா, என் இரண்டு மாத அறைவாடகை?

அதிகாரி: அதுவும் என் துறை அல்ல.

குடும்பத் தலைவன்: பின்னே, தங்கள் துறை எது?

அதிகாரி: கெடு விதிப்பது!

சிரிக்கிறீர்கள். சிரிப்புக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள். அந்த மேடையில் நிற்பவர் மூவர். ஒருவன் வீடிழந்தவன், இன்னொருவர் வருவாய் இழந்தவர். இவர்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்கிவிட்டு, எதையும் இழக்காமல் நிற்பவர் மூன்றாமவர். "விடுதிக்காரன் விரட்டுகிறான்" என்று குடும்பம் குமுறும், "குடும்பம் குந்திக்கொண்டது" என்று விடுதிக்காரர் கசப்பார். அரசு நடுவிலே நின்று நியாயம் பேசும்! இந்தப் பகையை மூட்டுவது கெட்ட மனம் அல்ல, கெட்ட ஏற்பாடு. கெடு யாருக்கு வைக்கவேண்டுமோ அவருக்கு வைக்காமல், ஏமாந்தவனுக்கு வைத்ததன் விளைவு.

கெடு யாருக்கு? இந்தக் கேள்விக்கு வேறோர் இடத்தில் வேறொரு விடை கண்டார்கள். இங்கிலாந்தில், வீடற்ற குடும்பங்களை நகராட்சிகள் சிறு விடுதிகளில் கொண்டுபோய்த் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. படுக்கையும் காலைச் சிற்றுண்டியும் தருகிற விடுதிகள். ஓர் அறையில் தாய், தகப்பன், பிள்ளைகள். அடுப்பில்லை, குளியலறை பொது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தார்கள். 2003ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார்கள், 2004 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தையோ கருவுற்ற பெண்ணையோ இத்தகைய விடுதியில் வைக்கக்கூடாது, வேறு வழியே இல்லையென்றால் வைக்கலாம், அதுவும் ஆறு வாரத்துக்கு மேல் கூடாது என்பது ஆணை.

கவனியுங்கள் தோழர்களே! "ஆறு வாரம் ஆயிற்று, வெளியே போ" என்று குடும்பத்துக்குச் சொன்ன ஆணையல்ல அது. "ஆறு வாரத்துக்குள் அவர்களுக்குத் தகுந்த வீடு கொடு" என்று நகராட்சிக்குச் சொன்ன ஆணை. ஜோஷிமட்டிலும் கெடு, அங்கேயும் கெடு. இங்கே கெடு குடும்பத்தின் கழுத்தில், அங்கே கெடு அரசின் கழுத்தில்! வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாம் செம்மை என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஆணையை மீறி ஆறு வாரம் கடந்தும் விடுதியிலேயே கிடக்கிற குடும்பங்கள் அண்மை ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் மீறியது யார் என்று சுட்ட அங்கே ஒரு விரல் இருக்கிறது, சட்டம் தந்த விரல். நம்மிடம் அந்த விரல் இல்லை.

"நம் நாட்டில் சட்டமே இல்லையா?" என்பீர்கள். இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 65ஆம் பிரிவு, இடர்க்காலத்தில் கட்டடங்களைத் தேவைக்கு எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. 66ஆம் பிரிவு, எடுத்துக்கொண்ட இடத்துக்கு அந்த வட்டாரத்து வாடகையைக் கருதி ஈடு கொடுக்கச் சொல்கிறது. 12ஆம் பிரிவு, இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்த அளவுத் தரம் வகுக்கச் சொல்கிறது. அப்படி வகுக்கப்பட்ட நெறிமுறை 2016ஆம் ஆண்டில் வந்தது. ஆளொன்றுக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் வேண்டும் என்கிறது அது.

கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 188 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை எவ்வளவு? 120 சதுர அடி! மூவர் இருக்கவேண்டிய இடத்தில் ஐவர். அதிலும் கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, மூட்டைகள் நான்கு. பெண்பிள்ளை உடைமாற்ற இடமில்லை, பையன் பாடம் படிக்க இடமில்லை. பச்சைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பில்லை. ஓரிரவுப் பயணிக்கு இது போதும். பயணி அறையில் வாழ்வதில்லை, உறங்குகிறான். குடும்பமோ வாழவேண்டும். பேரிடர் வந்த வாரத்தில் இந்த அறை அரண்மனை, ஆறாவது வாரத்தில் அதுவே சிறை.

பணக்கணக்கையும் போடுங்கள். அறைக்கு நாளொன்றுக்கு 950 என்றால் முப்பது நாளுக்கு 28,500 ரூபாய். வாடகை வீட்டுக்கு அதே அரசு கொடுத்தது மாதம் 5,000. அடுப்பில்லாத ஓர் அறைக்கு, அடுப்புள்ள ஒரு வீட்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! "ஏழைக்குக் கொடுத்துக் கசானா காலியாகிறது" என்று பேசுகிற கனவான்களே, காலியாவது ஏழைக்குக் கொடுத்ததால் அல்ல, வீட்டைக் கொடுக்காமல் நாளைக் கடத்தியதால்! கெடு அரசின்மீது இருந்தால் கசானாவும் தப்பும், குடும்பமும் தப்பும், விடுதிக்காரரும் தப்புவார். சட்டத்தில் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, ஈடுகொடுக்க இடமிருக்கிறது, அளந்துகொடுக்கவும் இடமிருக்கிறது. எத்தனை வாரத்தில் வீடு என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

சிலர் வேறொரு வழி சொல்வார்கள். "விடுதியும் வேண்டாம், வீதியும் வேண்டாம். எங்கேனும் தொலைவில் அடுக்குமாடி கட்டி, எல்லோரையும் ஒரே நாளில் ஏற்றி அனுப்பிவிடலாமே!" சென்னையில் பார்த்தோம் அதை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களை நகரின் தெற்கெல்லையில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கூரை கிடைத்தது, பிழைப்புப் போயிற்று. வீட்டுவேலை செய்த பெண்கள் வேலைக்குப் போகப் பேருந்து தேடினார்கள், பிள்ளைகள் படித்த பள்ளி நகரத்திலேயே நின்றுவிட்டது.

உள்ளூர்ச் சிறுவிடுதியின் அருமை இங்கேதான் விளங்கும். அதை நான் பழிக்கவில்லை, போற்றுகிறேன். மலைமேல் சாமைக்காடும் ஆடுமாடும் வைத்திருக்கிற குடும்பம், சந்தவாசலில் ஓர் அறையில் தங்கினால் காலையில் மலையேறி மாட்டுக்குத் தழை போட்டுவிட்டு மாலையில் இறங்கலாம். பழகிய முகங்கள் பக்கத்தில் இருக்கும், ஆறுதல் சொல்ல அத்தையும் மாமனும் இருப்பார்கள். அதே குடும்பத்தை நகரத்து மண்டபம் ஒன்றில் கொண்டுபோய் அடைத்தால் மாடு சாகும், காடு கருகும். ஆகவே அருகிலேயே அறை வேண்டும். அந்த அறை வீட்டுக்கு இட்டுச்செல்லும் வாசலாக இருக்கவேண்டும், வீட்டுக்குப் பதிலாகி நிலைத்துவிடக்கூடாது.

வயநாட்டை நினைவுகூருங்கள். 2024 சூலை 30ஆம் நாள் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போயின. பள்ளிகளில் முகாமிட்டவர்களை ஒரு மாத அளவில் வாடகை வீடுகளுக்கு மாற்றினார்கள், குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகைப் பணம் தருவதாக அறிவித்தார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாயிற்று, குடும்பத்துக்கும் ஓர் அடுப்பு எரிந்தது. ஆயினும் நிலையான குடியிருப்புக்குக் கல்பற்றாவில் அடிக்கல் நாட்டிய நாள் 2025 மார்ச் 27. அடிக்கல்லுக்கே எட்டு மாதம்! நல்லெண்ணம் உள்ள இடத்திலேயே இவ்வளவு காலம் பிடிக்குமானால், கெடுவே இல்லாத இடத்தில் எவ்வளவு பிடிக்கும்?

இன்னொரு நினைவும் வருகிறது. அதைத் தமிழன் மறக்கலாகாது. 2007 சூன் 7. கொழும்பு நகரம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் சிறு விடுதிகள். போரால் சிதறிய வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த தமிழர்கள் அங்கே இருந்தார்கள். வேலைக்காக, மருத்துவத்துக்காக, கடவுச்சீட்டுக்காக வந்தவர்கள். விடியுமுன் காவல்துறை கதவைத் தட்டியது. தக்க காரணமின்றித் தலைநகரில் தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லி, அரசுக் கணக்குப்படியே 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது! மறுநாளே உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாட்டின் பிரதமரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

அந்தக் கொடுமையும் மலைச்சரிவும் ஒன்றல்ல, அறிவேன். அங்கே இனவெறுப்பு, இங்கே அலட்சியம். ஆனால் பாடம் ஒன்று உண்டு. அந்த 376 பேரும் வாடகை கொடுத்தவர்கள்தாம், விடுதியேட்டில் பெயர் எழுதியவர்கள்தாம். ஏட்டிலே பெயர் இருந்தது, அந்த ஏடு அவர்களைக் காக்கவில்லை. காத்தது நீதிமன்றத்தின் ஆணை. விடுதி அறை என்பது ஒரு தட்டலில் பறிபோகும் கூரை. அதற்கு அடியில் சட்டம் என்கிற தூணை நாட்டினாலன்றி அது நிற்காது.

"எல்லாம் சரி, சின்ன ஊர்ச் சின்ன விடுதிக்காரரோடு அரசு ஒப்பந்தம் போடுவதாவது, வாரம்தோறும் பணம் கொடுப்பதாவது, நடக்கிற காரியமா?" என்று ஏளனம் பேசுவோரும் உண்டு. 1939 செப்டம்பரில், வான்குண்டுக்கு அஞ்சி, மூன்றே நாளில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து சிற்றூர் வீடுகளுக்கு மாற்றியது பிரிட்டன். பெரும்பாலோர் குழந்தைகளும் தாய்மாரும். குழந்தையை ஏற்ற வீட்டுக்காரருக்கு, ஒரு குழந்தையானால் வாரம் 10 சில்லிங் 6 பென்சு, ஒன்றுக்கு மேலானால் தலைக்கு 8 சில்லிங் 6 பென்சு. வாரந்தோறும் அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்! எந்த வீட்டில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்று முன்கூட்டியே கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். கணினி இல்லாத காலம், கைப்பேசி இல்லாத காலம். இன்று ஒரு நொடியில் வங்கிக் கணக்குக்குப் பணம் பாய்கிறது. அன்று முடிந்தது இன்று முடியாது என்றால், முடியாதது அல்ல, மனமில்லாதது!

நம்மவர்களுக்கும் ஒரு சொல். கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். மழை பெய்தால் ஓடுகிறோம், ரொட்டி கொடுக்கிறோம், போர்வை போர்த்துகிறோம். நல்லது. போர்த்தும்போது படம் எடுத்துக்கொள்கிறோம், மூன்றாம் நாள் படம் ஏட்டிலே வருகிறது, நான்காம் நாள் நாம் ஊர் திரும்புகிறோம். விருந்தும் மருந்தும் மட்டுமா மூன்று நாள்? நம் வீரமும் மூன்று நாளா? எழுபதாம் நாள் அந்த அறைக்கதவு தட்டப்படும்போது அங்கே நிற்பதற்கு நம்மில் எவர் இருப்பார்? போர்வை கொடுத்த கை பெரிதுதான். கெடு நோட்டீசைத் தடுத்து நிறுத்தும் கை அதனினும் பெரிது.

ஆகவே சந்தவாசல் தோழர்களுக்கும், மலையடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலும் இருக்கிற தோழர்களுக்கும் வேலைத்திட்டம் ஒன்றை வைக்கிறேன்.

ஒன்று: வடகிழக்குப் பருவமழை பிறக்குமுன், வட்டம்தோறும் சிறு விடுதிகளின் பட்டியல் எடுக்கப்படவேண்டும். எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, பொது அடுப்புக்கு இடம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். விருப்பமுள்ள விடுதிக்காரரோடு, திருவிழாக் காலத்துக்கும் சேர்த்து வாடகை குறித்து, அரசு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யவேண்டும்.

இரண்டு: வாடகை வாரந்தோறும் கொடுக்கப்படவேண்டும். விடுதிக்காரரை மாதக்கணக்கில் அலைக்கழித்துவிட்டு, அவரிடமே கருணையை எதிர்பார்ப்பது அநியாயம்.

மூன்று: குடும்பத்தின் கையில் ஒரு தாள் வேண்டும். இந்த அறை இன்ன நாள்முதல் உங்களுக்கு, அடுப்பும் கதவும் உள்ள வேறு வீட்டின் சாவி கைக்கு வரும்வரை எவரும் உங்களை வெளியேற்ற முடியாது என்று கையொப்பமிட்ட தாள். மலையில் பட்டா இல்லாத குடும்பத்துக்கும் அதே தாள். மண் சரியும்போது பட்டா கேட்டுச் சரிவதில்லை!

நான்கு: ஆறு வாரம். அது அரசுக்குக் கெடு. ஆறு வாரத்துக்குள் அதே வட்டாரத்தில் வாடகை வீடோ தற்காலிக வீடோ ஆயத்தம் ஆகவில்லையானால், பொறுப்பான அதிகாரி கிராமசபையில் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும்.

இவை வானத்தை வில்லாய் வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. ஆகஸ்டு 15இல் கிராமசபை கூடுகிறது, அக்டோபர் 2இல் கூடுகிறது, நவம்பர் 1இல் கூடுகிறது. மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும் கூடுகிற சபைகள். முதல் சபையிலேயே தீர்மானம் எழுதுங்கள். கைதட்டலோடு கலைந்துவிடாமல், ஏட்டில் பதிவாகும்வரை உட்காருங்கள். தீர்மானத்தின் படியை வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். விடுதிக்காரரை அந்தத் தீர்மானத்துக்கு முதல் கையொப்பக்காரர் ஆக்குங்கள். அவர் நம் பகைவர் அல்லர், இந்தப் போரில் நம் பங்காளி. மலைமேல் இருக்கிற குடும்பங்களிடம் போய்ச் சொல்லுங்கள்: நீங்கள் பிச்சைக்கு இறங்கி வருபவர்கள் அல்லர், உரிமையோடு இறங்கி வருபவர்கள் என்று.

நம் மொழிக்கு விருந்தோம்பல் புதிதல்ல, வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் வீடிழந்தவனுக்கு வேண்டியது விருந்து அல்ல, வீடு. விருந்து கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது, வீடு கேட்பவன் உரிமையைப் பொறுத்தது. மனத்தை வேண்டுவது பக்தி, உரிமையை வேண்டுவது அரசியல். நாம் அரசியல் செய்ய வந்தவர்கள்!

பெயரில் வாசலைத் தாங்கிய ஊரே, உன் வாசல் எல்லாப் பருவத்திலும் திறந்திருக்கட்டும். அதை மூட நாள் குறித்து ஒரு நாள் எவரேனும் வருவார். அன்றைக்கு அவரைத் தோழர்கள் சூழ்ந்து நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்:

கெடு யாருக்கு?